மிஸ்ஸி பதில்கள்: "இந்த மாசம் ஃபெர்ரியா?"

(பினாங்கில் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாதி, வாசகர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார்.)

*மிஸ்ஸிக்கு வணக்கம். எனக்கு வயது 34. பாயான் லெப்பாஸ் கிலாங்கில் (தொழிற்சாலையில்) ஷிப்ட் வேலை. கல்யாணமாகி ஐந்து வருடம். மூன்று தடவை ஐயூஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் நேராகச் செலுத்தும் சிகிச்சை) செய்தோம். முதல் தடவை தங்கியது, ஏழாவது வாரத்தில் கலைந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் மாமியாரோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய் 513 படியும் ஏறினேன். "உன்னை யாரு படி ஏறச் சொன்னது" என்று, ஏறச் சொன்னவர்களே இப்போது கேட்கிறார்கள். அடுத்த இரண்டு தடவையும் தங்கவில்லை. கடைசித் தடவை ஒன்பதாம் நாள் கிலாங் கழிவறையில் கர்ப்பப் பரிசோதனைக் கிட்டைப் பார்த்தேன், மங்கலாக இரண்டாவது கோடு இருந்தது. சந்தோஷத்தில் அவருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன். பதினான்காம் நாள் ஒரு கோடுதான். அவர் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். அடுத்த மாதம் நாத்தனாருக்கு வளைகாப்பு. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து வளையல் போட்டால் எனக்கும் தங்குமாம். நம்பிக்கையை விடாதே என்று ஊரே சொல்கிறது. எதைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது, மிஸ்ஸி? — ஜெலுத்தோங் வாசகி*

மகளே, முதலில் அந்த மங்கலான கோட்டைப் பேசி முடித்துவிடுவோம்.

ஐயூஐக்கு ஒன்றரை நாள் முன்னால் "முட்டை வெடிக்க" என்று வயிற்றில் ஓர் ஊசி போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அந்த ஊசியில் இருப்பது எச்சிஜி என்கிற ஹார்மோன். கரு தங்கினால் உடம்பு சுரப்பதும் எச்சிஜிதான். கிட் தேடிப் பிடிப்பதும் அதையேதான். எது ஊசியில் வந்தது, எது பிள்ளையால் வந்தது என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. ஊசி மருந்து உடம்பை விட்டுப் போகப் பத்து நாள் ஆகலாம், சிலருக்கு இரண்டு வாரம்கூட. ஆகவே ஒன்பதாம் நாள் நீ பார்த்தது அநேகமாக ஊசியின் கோடு. கிளினிக்கில் உன்னிடம் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் சொல்லாதது உன் தப்பில்லை. அவருக்கு அவசரப்பட்டுப் போன் போட்டதும் தப்பில்லை.

மார்பு கனத்தது, அடிவயிறு இழுத்தது, கோப்பி வாசனை பிடிக்கவில்லை என்றெல்லாம்கூட நீ கணக்கு வைத்திருப்பாய். ஐயூஐக்குப் பிறகு புரோஜெஸ்டிரோன் மருந்து கொடுத்திருந்தால் அதுவே இதில் பாதியைச் செய்யும். இத்தனை வருஷம் வார்டில் இருந்த எனக்கே என் உடம்பைப் படிக்க வந்ததில்லை. கிட்டை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடு. கிளினிக் சொன்ன தேதியன்று காலையில் அவர் எடுத்துத் தரட்டும், இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். ஷிப்டுக்கு முன்னால் கிலாங் கழிவறையில் தனியாகப் பார்க்காதே. அங்கே என்ன தெரிந்தாலும் அதை மனசில் வைத்துக்கொண்டு மிச்ச ஷிப்ட் முழுக்க லைனில் நிற்க வேண்டியவள் நீதான்.

அடுத்து அந்த 513 படி. முதல் மூன்று மாதத்தில் கலைகிற கருவில் பெரும்பாலானவை, முட்டையும் விந்தணுவும் சேர்கிற சமயத்திலேயே குரோமோசோம் கணக்கு பிசகிப்போனவை. நீ ஏறினாலும் வீட்டில் படுத்திருந்தாலும் அதே கதைதான். அன்னாசி, பப்பாளி, துணிக்கூடை, மோட்டார் சைக்கிள் என்று வார்டில் பெண்கள் என்னிடம் சொல்லி அழாத காரணம் கிடையாது. கரு தங்கியது தெரிந்த பத்துப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ இப்படி நேர்கிறது. படி ஏறினால் கலையும் என்றால் தண்ணீர்மலையைச் சுற்றியுள்ள எந்தப் பள்ளிக்கூடத்திலும் முதலாம் ஆண்டு வகுப்பு நிரம்பாது. அந்த ஏழு வாரத்தில் ஒரு தகவலும் இருக்கிறது. வழி திறந்திருக்கிறது, உங்கள் இரண்டு பேருடையதும் சேர்ந்திருக்கிறது, உன் கருப்பை ஒரு தடவை ஏற்றுக்கொண்டிருக்கிறது. உன் டாக்டரும் இதைத்தான் கோப்பில் முதல் வரியாக எழுதியிருப்பார்.

இனி என் கதை. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்குப் பிள்ளை இல்லை. "அப்போ எனக்கும் இப்படித்தானா" என்று உனக்குத் தோன்றினால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடு, கோபித்துக்கொள்ள மாட்டேன். என் காலம் வேறு. 1978இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்த செய்தி வந்தபோது நான் பயிற்சித் தாதி. பிள்ளை கண்ணாடிக் குழாய்க்குள்ளேயே பத்து மாசம் வளருமா என்று ஹாஸ்டலில் இரவெல்லாம் வாதம் நடந்தது. 1984இல் எனக்குக் கல்யாணம். நான்கு வருஷம் கழித்து, சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்ததில் இரண்டு கருக்குழாயும் அடைப்பு என்றார்கள். அறுவை சிகிச்சை செய்தும் பார்த்தார்கள். மொத்தம் ஒன்பது வருஷம் காத்திருந்தோம்.

காத்திருந்த இடத்தைப் பார், பிரசவ வார்டு! ஒரு நாள் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம், ஆண் பிள்ளை. துடைத்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போகிறேன். பெண்ணின் அம்மாவுக்கு என்னைத் தெரியும், எங்கள் வட்டாரத்து ஆள். "வேற மிஸ்ஸி இல்லையா? முதல்ல இவங்க கை பட வேணாம்" என்றார். பிள்ளையை இன்னொரு தாதியிடம் கொடுத்துவிட்டு, பெட்பேன் கழுவுகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுக்கானதைக் கழுவினேன். தீர்ந்ததும், கழுவி அடுக்கி வைத்திருந்ததையும் எடுத்துக் கழுவினேன். வார்டு சிஸ்டர் ஒரு சீனப் பெண்மணி, வாய் திறந்தால் திட்டுதான். அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் மைலோ கலக்கிக்கொண்டு வந்து சிங்க் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அதே நாள் எனக்கு மாதவிலக்கும் வந்திருந்தது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரோடு நிற்கிறார். "இப்ப வீட்டுக்குப் போக முடியாது" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வெல்ட் கீ ஃபெர்ரித்துறை பக்கம் வண்டியை விட்டார். ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போனோம். இறங்கி ஒரு கடையில் மீ கோரேங் சாப்பிட்டோம். அடுத்த ஃபெர்ரியில் திரும்பினோம். போகும்போது அழுதேன். வரும்போது, அந்தக் கடையில் உப்பு அதிகம் என்று இரண்டு பேரும் குறை பேசிக்கொண்டு வந்தோம்.

அதிலிருந்து அது எங்கள் வழக்கம். நாள் வந்துவிட்டால் அன்று வீட்டில் அடுப்பு கிடையாது, ஃபெர்ரி. கொஞ்ச காலம் போனதும் அவர் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு மெதுவாக, "இந்த மாசம் ஃபெர்ரியா?" என்று கேட்பார். நான் தலையாட்டினால் போதும். அதற்கு முன்னால் "வந்துருச்சு" என்று நானே வாய்விட்டுச் சொல்லி, அவர் முகம் மாறுவதையும் நின்று பார்க்க வேண்டியிருந்தது. ரத்தத்தைப் பார்ப்பதைவிட எனக்கு அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

ஆகவே, எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்டாயே, எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். அடுத்த சிகிச்சைக்கு நாள் குறிக்கிற அன்றைக்கே, ஒரு கோடு வந்தால் அன்று சாயங்காலம் எங்கே போவது என்பதையும் இரண்டு பேரும் பேசி முடிவு செய்துவிடுங்கள். அபசகுனம் என்பார்கள். நீ கெட்டதை நினைத்தாயா நல்லதை நினைத்தாயா என்று கருப்பைக்குத் தெரியாது. நினைப்பால் தங்கியதும் இல்லை, கலைந்ததும் இல்லை. போகிற இடம் முடிவாகியிருந்தால் நடுவில் இருக்கிற பதினான்கு நாளும் நீ முழுசாக ஆசைப்படலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது. ஆசைப்பட்டதற்காக என்னை நானே திட்டிக்கொள்வதை அதற்குப் பிறகுதான் விட்டேன். பாடாங் கோத்தா கடற்கரையோ, பினாங்கு ரோட்டில் செண்டோலோ, உங்கள் இஷ்டம். செலவு பிடிக்கிற இடமாக மட்டும் வேண்டாம், திரும்பப் போக வேண்டி வரலாம்.

டிவியைப் போட்ட மனிதர்மேல் கோபம் வேண்டாம். அவருக்கும் சொல் கிடைக்கவில்லை. அவர் கேட்பதற்கு ஒரு கேள்வியை நீங்களே செய்துகொள்ளுங்கள்.

மூன்று ஐயூஐ ஆகிவிட்டது. ஒரு தடவை ஐயூஐ செய்தால் பலன் பத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இதைக் கேட்டுவிட்டு உன் மூன்றைத் திரும்பப் பார், நீ தோற்றவளாகத் தெரியமாட்டாய். ஆனால் நான்காவதும் அதே மாதிரி போகலாமா, ஐவிஎஃப் (கருவை உடம்புக்கு வெளியே உருவாக்கிக் கருப்பையில் வைப்பது) பக்கம் திரும்பலாமா என்று டாக்டரிடம் நேராகக் கேட்கிற நேரம் இது. 35க்குப் பிறகு முட்டையின் எண்ணிக்கையும் தரமும் இறங்குகிற வேகம் கூடும். "இன்னும் ரெண்டு வருஷம் பார்ப்போம்" என்று உறவுக்காரர்கள் சொல்வது உன் வயதை வைத்து இல்லை, அவர்கள் வசதியை வைத்து. சுகாதார கிளினிக்கிலோ உன் டாக்டரிடமோ கடிதம் வாங்கினால் அரசாங்க மருத்துவமனையிலும் ஐவிஎஃப் செய்கிறார்கள். வடக்கில் அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா, தலைநகரில் துங்கு அசிசா. காத்திருப்பு நீளம், அதனால் வரிசையில் பெயரைச் சீக்கிரம் போட்டு வை. தனியார் என்றால் ஊழியர் சேமநிதியில் எடுக்கலாம். 2024இல் கணக்கை மூன்றாகப் பிரித்த பிறகு 'செஜாத்ரா' என்கிறார்களே, பழைய இரண்டாம் கணக்கு, அதிலிருந்து. வருமானவரிக் கழிவும் உண்டு, கடும் நோய்ச் செலவுகளோடு சேர்த்து 10,000 வெள்ளி வரை. ரசீதுகளை பிஸ்கட் டப்பாவில் போட்டாவது பத்திரப்படுத்து.

ஆரம்பிக்கும் முன்பே எத்தனை தடவை, எவ்வளவு பணம் என்று ஓர் எல்லையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அதைப் பேச முடியாது. "இவ்வளவு தூரம் வந்தாச்சே" என்கிற வார்த்தை வீட்டையும் நகையையும் விற்க வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

வளைகாப்பு. நாத்தனாருக்கு நீயே போன் போட்டுப் பேசு. குடும்ப வாட்சாப் குரூப்பில் எழுதாதே, பதினேழு பேர் பதில் போடுவார்கள். "உன் பிள்ளைமேல எனக்கும் ஆசை இருக்கு, ஆனா எல்லாரும் என்னையே பார்த்துக்கிட்டு இருக்கிற மாதிரி மேடையில உட்கார முடியாது" என்று சொல். முந்தின நாள் போய்ப் பூக்கட்டிக் கொடு, பலகாரத்துக்குக் கை கொடு, ஒரு டசன் வளையலை அவள் கையில் நீயே போட்டுவிட்டு வா. மறுநாள் உனக்கு ஷிப்ட். இல்லாவிட்டாலும் ஷிப்ட்தான். இந்தப் பொய்க்கு என் பெயரில் மன்னிப்பு எழுதிக்கொள்.

*மிஸ்ஸி, எனக்கு 37 வயது, செந்தூலில் இருக்கிறேன். மூன்று வருடமாகப் பிள்ளை இல்லை. மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் செய்தாகிவிட்டது, அவளிடம் குறை இல்லை. டாக்டர் கட்டாயப்படுத்தியதால் நானும் விந்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். விந்தணு மில்லிலிட்டருக்கு மூன்று மில்லியன் என்று வந்தது. அம்மா இன்னும் அவளைத்தான் ஜாடை பேசுகிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஜிம்மில் உடம்பு ஏறுவதற்கு ஆறு மாதமாக ஊசி போட்டுக்கொள்கிறேன், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா? — பெயர் வேண்டாம்*

இருக்கும் தம்பி, நிறையவே இருக்கும். ஜிம்மில் "உடம்பு ஏற" என்று விற்கிற ஊசி பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் அல்லது அதன் உறவு. வெளியிலிருந்து அது வந்துகொண்டே இருந்தால், சரக்கு போதும் என்று மூளை விதைப்பைக்குச் சொல்லிவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும், சிலருக்குச் சுழியத்துக்கே போய்விடும். ஆண்மை கூடும் என்று போட்டுக்கொள்கிற ஊசி பிள்ளைக்கான வழியை அடைக்கிறது, இதை ஜிம் மாஸ்டர் சொல்ல மாட்டார். ஊசிக் குப்பியை எடுத்துக்கொண்டு சிறுநீரியல் (யூரோலஜி) மருத்துவரிடம் போங்கள், எப்படி நிறுத்துவது, பிறகு என்ன மருந்து என்று அவர் சொல்வார். பலருக்குத் திரும்பி வருகிறது. ஆனால் மாதக்கணக்காகும், ஒரு வருஷம் தாண்டியும் போகலாம். ஒரு விந்தணு உருவாகி முதிரவே ஏறத்தாழ இரண்டரை மாதம். இன்று நிறுத்திவிட்டு அடுத்த வாரம் பரிசோதனைக்குப் போகாதீர்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டில் கீழ் எல்லை மில்லிலிட்டருக்கு 16 மில்லியன். உங்களுடையது மூன்று. குறைவுதான், ஆனால் இல்லை என்று அர்த்தமில்லை. ஒரே பரிசோதனையை வைத்து முடிவு செய்யவும் கூடாது. காய்ச்சல் வந்து போயிருந்தால்கூட எண்ணிக்கை இறங்கும். டாக்டர் சொல்கிற சமயத்தில் திரும்பவும் கொடுங்கள், கொடுப்பதற்கு முன்னால் இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும்.

இதெல்லாம் சுலபமான பகுதி. உங்கள் அம்மா உங்கள் மனைவியை ஜாடை பேசும்போது நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குக் குழாய் அடைப்பு என்று தெரிந்தபோது என் மாமியாரிடம் என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "ரெண்டு பேருக்கும் பிரச்சினைம்மா, டாக்டர் சொல்லிட்டார்" என்றார். அவருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. உங்களிடம் பொய் சொல்லக்கூட நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். எண்ணிக்கையெல்லாம் அம்மாவிடம் விளக்க வேண்டாம். "டாக்டர் எனக்குத்தான் மருந்து கொடுக்கிறார், அவளை ஒண்ணும் சொல்லாதீங்க." அவ்வளவுதான், பத்து வினாடி வேலை.

*மிஸ்ஸி, நான் பிறையில் இருக்கும் ஒரு மாமியார். மகன் வீட்டில் ஆறு வருடமாகக் குழந்தை இல்லை, இப்போது ஐவிஎஃப் செய்யப் போகிறார்கள். கேட்டால் மருமகள் முகம் வாடுகிறது. கேட்காவிட்டால் அக்கறை இல்லை என்று நினைப்பாளோ? என் மகனைப் போட்டு ஆட்டிய தொட்டில் சேலையைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அதைக் கொடுத்தால் அவளுக்கு நம்பிக்கை வருமா?*

அம்மா, உங்களைப் போல் கேட்டு எழுதுகிற மாமியார்கள் எனக்கு அபூர்வம். மற்றவர்கள் மருமகளைப் பற்றித்தான் எழுதுவார்கள்.

"புழு பூச்சி உண்டா", "விசேஷம் ஏதும் இருக்கா" என்ற இரண்டையும் வீட்டுக்கு வெளியே விட்டுவிடுங்கள். அக்கறையைச் சாப்பாட்டில் காட்டலாம். முட்டை எடுக்கிறதுக்கு முன்னால் பத்து நாள், பன்னிரண்டு நாள் தினமும் வயிற்றில் ஊசி. வயிறு உப்பி, பாவாடை நாடாகூடக் கட்ட முடியாது. அந்த நாட்களில் ரசம் வைத்து, சோறு கட்டி, மகனிடம் கொடுத்து அனுப்புங்கள். நீங்களே கொண்டு போனால் உட்கார்ந்து பேச வேண்டி வரும். கரு வைத்த பிறகு அவளை அசையாமல் படுக்க வைக்காதீர்கள். படுத்திருப்பதால் கூடுதலாகத் தங்குவதில்லை. எழுந்து நடக்கட்டும், வேலைக்குப் போவதென்றாலும் போகட்டும். முடிவு தெரிகிற தேதியை மகனிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கு மட்டும் போன் போடாதீர்கள். நல்ல செய்தி என்றால் அவர்களே போடுவார்கள். போடாவிட்டால் மறுநாளும் ரசம் அனுப்புங்கள்.

தொட்டில் சேலையை இப்போது கொடுக்க வேண்டாம், பெட்டியிலேயே இருக்கட்டும். உள்ளே அந்துருண்டை போட்டிருப்பீர்கள், அதை மட்டும் எடுத்து எறிந்துவிடுங்கள். ஜி6பிடி குறைபாடு (ரத்த அணுக்களைக் காக்கிற ஒரு நொதி பிறவியிலேயே குறைவது) இருக்கிற பிள்ளைக்கு அந்துருண்டை வாசனை ஏறிய துணி ஆகாது, ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். சேலையை நன்றாக அலசி, இரண்டு நாள் வெயிலில் காயப் போட்டு, காய்ந்த வேப்பிலை வைத்து மடித்து வையுங்கள்.